படித்தவர் ஏன் கலிமா சொல்லவில்லை?

கேள்வி இதுதான்: "கதைகளில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால் ஒன்று ஏமாந்தவராக இருக்கிறார், இல்லையென்றால் குண்டு வைக்கிறவராக இருக்கிறார். செய்திகள் ஊட்டி வளர்த்த முன்முடிவுதானே இது? இஸ்லாத்தை ஒழுங்காகப் படித்தால் இது போய்விடாதா? அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டவர் மதம் மாறுவதை நம்பும்படி எழுதிய நாவல் இருக்கிறதா?"

இருக்கிறது. சொல்வதற்கு முன் உங்கள் கேள்வியில் விழுந்திருக்கும் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். படித்தால் வெறுப்பு போகும் என்பது ஒன்று. படித்தால் நம்பிக்கை வரும் என்பது வேறு ஒன்று. நீங்கள் இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட்டீர்கள். முதலாவது ஓரளவு சரி. இரண்டாவது பெரும்பாலும் நடப்பதில்லை. அது ஏன் நடப்பதில்லை என்பதையே கதையாக்கிய நாவல் லெய்லா அபுலேலாவின் 'தி டிரான்ஸ்லேட்டர்'. 1999இல் வெளிவந்தது.

அபுலேலா 1964இல் கெய்ரோவில் பிறந்து, சூடானின் கார்ட்டூமில் வளர்ந்தவர். தாய் எகிப்தியர், தந்தை சூடானியர். லண்டனில் புள்ளியியல் படித்தார். 1990இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குக் குடிபோனார். கணவருக்கு வடகடல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை. போன வேளையைப் பாருங்கள். 'சாத்தானின் வசனங்கள்' நாவலுக்காக எழுத்தாளர் சல்மான் ருஷ்டியைக் கொல்லச் சொன்ன ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, 1989 பிப்ரவரி. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அந்த நாவலை எரித்த படம் அதற்கும் ஒரு மாதம் முந்தையது. 1991இல் வளைகுடாப் போர். டிவியைப் போட்டால் முஸ்லிம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நெருப்போ துப்பாக்கியோ கட்டாயம் இருக்கும். அந்தச் சூழலில்தான், 1992 வாக்கில், புள்ளியியல்காரி எழுத ஆரம்பித்தார்.

அந்தக் காலத்துச் செய்தி எப்படி இருந்தது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1995 ஏப்ரல் 19, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று குண்டுவெடித்துச் சரிந்தது. 168 பேர் இறந்தார்கள். புகை அடங்குமுன்பே மத்தியக் கிழக்குக்காரர்கள் தேடப்படுவதாகச் செய்தி ஓடியது. முடிந்தவரை நிறையப் பேரைக் கொல்ல நினைப்பது மத்தியக் கிழக்கு குணம் என்று தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் சொன்னார். வைத்தவன் திமோதி மெக்வே; அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரன். இதில் நான் கவனிப்பது அந்த 'நிபுணர்' என்ற பட்டத்தை. அங்கே பேசியது அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அறிவு என்ற பெயரில்தான் பேசியது. பாலஸ்தீனத்தில் பிறந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் 1981இலேயே, ஈரான் பணயக்கைதிகள் விவகாரச் செய்திகளை வைத்து 'கவரிங் இஸ்லாம்' எழுதியபோது பிடித்த நரம்பு இதுதான். கவர் பண்ணுவது என்றால் செய்தி சேகரிப்பதும்தான், மூடி மறைப்பதும்தான்.

அபுலேலாவின் நாயகன் அந்த நிபுணர் வர்க்கத்தைச் சேர்ந்தவன், ஆனால் நல்லவன். ரே ஐல்ஸ், அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மத்தியக் கிழக்கு வரலாறும் மூன்றாம் உலக அரசியலும் நடத்துகிறவர். இரண்டு முறை மணமுறிவு. இஸ்லாமிய அச்சுறுத்தல் என்பதே ஒரு மாயை என்று புத்தகம் எழுதியவர். பத்திரிகைகள் அவரிடம் கருத்துக் கேட்டுப் போடும்போது 'இஸ்லாமிய நிபுணர்' என்று அடைமொழி சேர்க்கும். அவருக்கு அது பிடிக்காது. ஒரே பாறையில் செதுக்கியது போல இஸ்லாம் என்று ஒன்று இல்லாதபோது, அதற்கு நிபுணர் எங்கிருந்து வருவார் என்பது அவர் எண்ணம்.

அவரிடம் அரபு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள் சமர். சூடான் பெண். கணவன் தாரிக் மருத்துவம் படிக்க வந்த இடத்தில் கார் விபத்தில் இறந்துபோனான். உடலைக் கார்ட்டூமுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்து நான்கு வருடம் ஓர் அறைக்குள் உறைந்து கிடக்கிறாள். பிறகு ரேயோடு பேச்சு, போன், மெல்ல ஒரு பிரியம்.

ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு இடம் வரும். வகுப்பில் இந்த நாவலை எடுக்கும்போதெல்லாம் நான் அங்கே நின்றுவிடுவேன். அல்நிதா என்ற எகிப்தியத் தீவிரவாதக் குழுவின் அறிக்கையைச் சமர் மொழிபெயர்க்க வேண்டும். கையால் எழுதி, மோசமாக ஜெராக்ஸ் எடுத்த காகிதம். எழுத்துப் பிழைகள். தேநீர்க் கறை. மசித்த அவரை சிந்திய எண்ணெய்க் கறை. அறைகூவலையும் ஆவேசத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறவளுக்கு, சீரகமும் ஆலிவ் எண்ணெயும் போட்டு ஊரில் வேகவைக்கும் அந்த அவரையின் வாசம் அடிக்கிறது.

இந்தக் கறையை எந்தச் செய்திச் சேனலும் காட்டாது. அவர்களுக்கு வேண்டியது அறிக்கையின் மிரட்டல் வரிகள் மட்டும். சமரின் கண்ணுக்குத் தெரிவது, எங்கேயோ ஒரு சிற்றூரில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டத் தெரியாமல் உலகத்தோடு யுத்தம் அறிவிக்கும் சில பையன்கள். அவளுக்கு அவர்கள்மேல் மதிப்பு இல்லை, ஒருவிதப் பரிதாபம்தான். ரேயும், இவர்கள் செய்வதற்கு ஷரீஅத்தில் இடமே இல்லை என்கிறார். இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், வெவ்வேறு வாசல் வழியாக. அவர் படித்து வந்தார். அவள் அந்த வாசத்தின் வழியே வந்தாள். ஊடகத்தின் முன்முடிவை நாவல் உடைக்கும் விதம் இதுதான்: பிரச்சாரமாக ஒரு வரியும் கிடையாது, மேசைமேல் ஒரு கறை இருக்கிறது, அவ்வளவு.

ரேயின் செயலாளர் யாஸ்மின் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், வாய்க்காரி. ரே நம்ம ஊர் ஆள் மாதிரி பழக்கமாகத் தெரிகிறார் என்று சமர் சொல்லும்போது, அவர் ஓரியண்டலிஸ்ட், கீழை நாடுகளைப் படிக்கிற மேற்கத்திய அறிஞர், அது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருவது என்று வெட்டிவிடுகிறாள். இன்னொரு இடத்தில் யாஸ்மின் சொல்வதன் சாரம் இது: அவர் முஸ்லிமானால் தொழில் முடிந்தது. அப்புறம் யார் மதிப்பார்கள்? ஏதோ ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்த பழைய ஹிப்பி என்பார்கள். அதைவிடக் கேவலம், பயங்கரவாதிகளின் மதத்துக்குப் போனவர் என்பார்கள்.

உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் யாஸ்மினிடமே இருக்கிறது. ரே வெளியே நின்று இஸ்லாத்துக்காகப் பேசும் வரை நடுநிலையான அறிஞர். உள்ளே கால் வைத்த மறுநாள் அதே வார்த்தைகளைச் சொன்னாலும் கட்சிக்காரர். புத்தகம் மாறவில்லை, தரவு மாறவில்லை, ஆனால் சொல்லும் உரிமை போய்விடும். ஊடகத்துக்கு இஸ்லாத்தைத் தெரிந்தவர் வேண்டும், இஸ்லாத்தை நம்புகிறவர் வேண்டாம். மாறினவருக்கு அறிவு இருக்க முடியாது என்பது முதலிலேயே எழுதிவைத்த தீர்ப்பு. அறிவு இருந்திருந்தால் மாறியிருப்பாரா என்று திருப்பிக் கேட்டுவிடுவார்கள்.

நம்மிடமும் இது நடந்ததுதான். 1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி வளைகுடாப் பணம் எவ்வளவு என்பது. தேநீர்க்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த ஊரில், போனவர்களுக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது, அதுவும் மெதுவாக.

நாவலுக்கு வருவோம். எகிப்துக்குப் போய்த் தீவிரவாதிகளிடம் எடுக்கும் நேர்காணல்களை மொழிபெயர்க்கும் வேலைக்குச் சமர் கிளம்புகிறாள். போவதற்கு முன் ரேயிடம் கேட்டேவிடுகிறாள்: கலிமா சொல்லிவிடுங்கள், நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம். கலிமா என்றால் இறைவன் ஒருவனே, முஹம்மத் அவன் தூதர் என்று சாட்சி சொல்லும் இரண்டு வரி; மனதாரச் சொன்னவர் முஸ்லிம். ரே மாட்டேன் என்கிறார். மத்தியக் கிழக்கின் அரசியலுக்காகத்தான் இஸ்லாத்தைப் படித்தேன், எனக்காகப் படிக்கவில்லை என்கிறார். இத்தனைக்கும் இவர் சிறுவயதிலேயே இஸ்லாத்தின் வாசனை பட்டவர். இவருடைய மாமா ஒருவர் இரண்டாம் உலகப் போரில் எகிப்துக்குப் போய், முஸ்லிமாகி, அங்கேயே தங்கிவிட்டவர். குடும்பம் அவரை ஒதுக்கிவிட்டது.

ஒருமுறை மாணவி ஒருத்தி இந்த இடத்தில் எரிச்சலோடு கேட்டாள்: "சார், இவ்வளவு படிச்சிருக்காரு, அவள்மேல ஆசையும் இருக்கு. ரெண்டு வரிதானே, சொன்னா என்ன?" சரியான கேள்வி. ஒப்புக்குச் சொல்ல மாட்டார் என்பதுதான் அந்த ஆளின் மரியாதை. அவள் மார்க்கத்தை மதிக்காத ஒருவனால்தான் அந்த இரண்டு வரியைச் சும்மா சொல்லிவிட முடியும் என்பது அன்றைக்குச் சமருக்குப் புரியவில்லை. அழுது, வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

எனக்கு இந்த நாவலில் ஆகப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு, கார்ட்டூமில். ரே முஸ்லிமாக வேண்டும் என்று இத்தனை நாள் பிரார்த்தனையில் கேட்ட துஆ எல்லாம் தனக்காகக் கேட்டது என்று சமருக்கு ஒருநாள் உறைக்கிறது. கல்யாணம் வேண்டும், வீடு வேண்டும், அதற்காக அவர் மாற வேண்டும். அவருடைய நன்மை அதில் எங்கே? உள்ளே இருக்கும் எண்ணத்தை நம் ஊர் முஸ்லிம்கள் நிய்யத் என்று சொல்வார்களே, அது கோணலாக இருந்திருக்கிறது. இனி அவரோடு வாழ்க்கை இல்லையென்றாலும், அவர் எங்கேயோ இருந்தாலும், அவருக்கு அது கிடைக்கட்டும் என்று கேட்க ஆரம்பிக்கிறாள். கதையில் முதலில் மாறுவது ரே இல்லை, பிறவி முஸ்லிமான சமர்தான் என்று வகுப்பில் சொல்வேன். மதமாற்றக் கதை என்று அட்டையில் போட்டு விற்கிற எதிலும் இந்த நுட்பத்தைப் பார்த்ததில்லை.

பிறகு கடிதம் வருகிறது. ரே முஸ்லிமாகிவிட்டார். ரமலானில் கார்ட்டூமுக்கே வந்து நிற்கிறார். எப்படி நடந்தது என்று பேசும்போது, எவ்வளவு படித்தேன், எத்தனை தகவல் தெரியும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கடைசியில் கண்டுகொண்டேன் என்கிறார். அறிவு தேவைதான், ஈமான், அதாவது நம்பிக்கை, நேராக அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்கிறார். ஹிதாயத் (இறைவன் காட்டும் நேர்வழி) கிடைக்கணும் என்று கடையநல்லூர்ப் பாட்டி ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதைத்தான் ஒரு பேராசிரியர் பல வருடம் சுற்றிவந்து சொல்கிறார்.

குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ரே மாறும் தருணத்தை நாம் பார்ப்பதே இல்லை. திரைக்குப் பின்னால் நடந்து, தபாலில் வருகிறது. படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: நாயகிக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியரே அவரை மாற்றிவிட்டாரோ? அபுலேலா தன் நாவலை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலான 'ஜேன் அயர்' கதையோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அங்கே கிறிஸ்தவ ஒழுக்கம் காதலுக்குக் குறுக்கே நிற்கிறது, இங்கே இஸ்லாமிய ஒழுக்கம் நிற்கிறது. அங்கே வாசகர் ஒத்துக்கொள்ளும்போது இங்கே ஏன் முகம் சுளிக்க வேண்டும் என்பது நியாயமான வாதம். ஆனாலும் ஜேன் அயரின் காதலர் ரோச்செஸ்டர் கண்ணையும் கையையும் இழந்து வருகிறார், ரே அவ்வளவாக எதையும் இழந்து வருவதாகத் தெரியவில்லை. யாஸ்மின் சொன்ன அந்தத் தொழில் நஷ்டம் என்ன ஆயிற்று, 'இஸ்லாமிய நிபுணர்' என்று போட்ட பத்திரிகை இப்போது என்ன போட்டது? அதையும் எழுதியிருந்தால் இது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரில் வைத்துப் படிக்க வேண்டியது பிரெஞ்சு நாவலாசிரியர் மிஷேல் வெல்பெக்கின் 'சுமிசியோன்'. அடிபணிதல் என்று பொருள். இஸ்லாம் என்ற அரபுச் சொல்லின் பொருளையே தலைப்பாக்கியிருக்கிறார். 2015 ஜனவரி 7இல் வெளிவந்தது. பாரிஸின் கேலி வார இதழ் சார்லி எப்தோவின் அலுவலகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த அதே நாள். அந்த வார இதழின் அட்டையில் இருந்ததும் வெல்பெக்கின் கேலிச்சித்திரம்தான். அதற்குப் பிறகு அந்த நாவலை நாவலாக யாரும் நிதானமாகப் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2022இல் பிரான்ஸில் ஒரு முஸ்லிம் கட்சித் தலைவர் அதிபராகிறார் என்பது கதை. நாயகன் பிரான்சுவாவும் பேராசிரியர். கத்தோலிக்கத்துக்கு மாறிய எழுத்தாளர் உய்ஸ்மான்ஸை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். வேலையில் நீடிக்க முஸ்லிமாக வேண்டும். அவரை வழிக்குக் கொண்டுவரும் பல்கலைக்கழகத் தலைவர் ரெதிஜேர், இஸ்லாத்தைப் பற்றி எழுதிய ஒரு சிறு அறிமுக நூலைக் கொடுக்கிறார். பிரான்சுவா கடமைகள் பற்றிய அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு நேரே ஏழாவது அத்தியாயத்துக்குப் போகிறார்: பலதார மணம் எதற்கு?

ரே எல்லாம் படித்தும் சொல்ல மாட்டேன் என்றவர். பிரான்சுவா ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்லத் தயாராகிறவர். அதுவும் கடைசிப் பக்கங்கள் முழுக்க 'சொல்வேன், நடக்கும், கிடைக்கும்' என்ற பாவனையிலேயே போகின்றன. சொன்னாரா என்பதே உறுதியில்லை. இந்த நாவலை இஸ்லாத்தின் மீதான வெறுப்பு என்று ஒரு பக்கம் திட்டியது, தீர்க்கதரிசனம் என்று மறுபக்கம் கொண்டாடியது. எனக்கு அது பிரெஞ்சுப் படிப்பாளி வர்க்கத்தின் சோம்பலைப் பற்றிய நாவல். அதில் இஸ்லாம் ஒரு சாக்கு. சம்பளம், வீடு, மனைவிமார் என்று எண்ணப்படும் ஒரு பட்டியல். முஸ்லிம் ஒருவர் தனியாக உட்கார்ந்து தொழுகிற ஒரு காட்சி நினைவில் நிற்கும்படி அதில் கிடையாது. முன்முடிவு என்று குற்றம் சாட்டுவதானால் நான் அதைத்தான் சொல்வேன்.

நிஜ வாழ்க்கை யார் பக்கம் சாட்சி சொல்கிறது? இரண்டு பக்கமும்தான். ரேயின் அதே ஸ்காட்லாந்தில், எடின்பரோவில், மாண்ட்கோமரி வாட் என்ற பேராசிரியர் இருந்தார். நபிகளின் மக்கா வாழ்வு பற்றி 1953இலும் மதீனா வாழ்வு பற்றி 1956இலும் அவர் எழுதிய நூல்களை முஸ்லிம் அறிஞர்களும் மேற்கோள் காட்டினார்கள். அவர் ஆங்கிலிக்கன் பாதிரியார். 2006இல் இறக்கும்வரை கிறிஸ்தவர்தான். படித்தால் மாறிவிடுவார் என்பவர்களுக்கு அவர் ஒருவர் போதும். மறுபக்கம் மார்மடியூக் பிக்தால், பெயர்பெற்ற நாவலாசிரியர், 1917இல் இஸ்லாத்தைத் தழுவினார். பிறகு பம்பாயில் பத்திரிகை ஆசிரியர், ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் 1930இல் ஆங்கிலக் குர்ஆன்.

ஆனால் நாவலாசிரியர்கள் பாடம் படிக்க வேண்டிய ஆள் லியோபோல்ட் வைஸ். யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மன் பத்திரிகை ஒன்றுக்காக அரபு நாடுகளைச் சுற்றி எழுதிய செய்தியாளர். வருடக்கணக்காகப் பாலைவனத்தில் அலைந்தும், குர்ஆன் படித்தும் மாறவில்லை. 1926இல் பெர்லினில் மனைவியோடு சுரங்க ரயிலில் போகிறார். எதிரே நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு கண்ட முகங்கள். ஒன்றிலும் மகிழ்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் மேசைமேல் திறந்துகிடந்த குர்ஆனை மூட எடுக்கிறார், கண்ணில் படுகிறது 102ஆவது அத்தியாயம்: அல்ஹாகுமுத் தகாஸுர். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற பேராசை மண்ணறைவரை உங்களைப் பராக்காக்கிவிட்டது என்று தொடங்குவது. அன்றோடு முடிவாயிற்று, முஹம்மத் அசத் ஆனார். அரேபியா கொடுக்காததை பெர்லின் ரயில் கொடுத்தது. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. அபுலேலா ஆங்கிலத்தில் எழுதும்போது அரபுச் சொற்களை அங்கங்கே வைத்தாக வேண்டியிருக்கிறது. அவை ஆங்கிலப் பக்கத்தில் விருந்தாளிகளாக நிற்கும். தமிழில் அந்தச் சங்கடம் பாதி கிடையாது. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எல்லாம் நம் சொற்கள். அதேபோல, செய்தித்தாள் 'மதம் மாறினார்' என்று எழுதும், வேண்டியவர்கள் 'இஸ்லாத்தைத் தழுவினார்' என்பார்கள், ஊரில் 'இஸ்லாத்துக்கு வந்தவங்க' என்பார்கள். மூன்றும் ஒரே சம்பவம். யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் இந்தக் கதையை எழுத நினைக்கிறவர், முதல் வாக்கியத்திலேயே இதில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், நாவலுக்கு முன் அபுலேலாவின் 'தி மியூசியம்' சிறுகதையைப் படியுங்கள். 2000இல் ஆப்பிரிக்க எழுத்துக்கான கெய்ன் பரிசு முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது இதற்குத்தான் கிடைத்தது. ஷாதியா, சூடானிலிருந்து அபர்தீனுக்குப் புள்ளியியல் படிக்க வந்தவள். பிரையன், வகுப்பில் முதல் மாணவன், காதில் கடுக்கன், நீள முடி. நோட்டுப் புத்தகம் கடன் வாங்கப் போய்ப் பழக்கம். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்து முடியை வெட்டிவிடுகிறான். மக்காவுக்குப் போனாலும் போகலாம் என்றுகூடப் பேச்சுவாக்கில் சொல்கிறான். ஒருநாள் ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம் என்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே இருப்பது அவள் ஊர் இல்லை. அங்கே போன வெள்ளைக்காரர்களின் கடிதங்களும், அவர்கள் அள்ளிவந்த சாமான்களும். இதெல்லாம் பொய், எங்கள் ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. அருங்காட்சியகங்கள் மாறும், நானும் மாற முடியும் என்கிறான் பிரையன். அவன் நல்ல பையன், அதை மனதாரத்தான் சொல்கிறான். அவளுக்குத்தான் தெம்பில்லை. தெம்பிருந்தால் சலிக்காமல் ஒவ்வொன்றாக விளக்கியிருப்பாள்.